பார்த்தெழுதுவது குறிப்பாகாது

கரும்பலகையில் உள்ளதைக் கொப்பியில் அழகாகப் பார்த்தெழுதும் மாணவரைப் பாராட்டிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கொப்பியில் இருப்பது ஆசிரியரின் குறிப்பே தவிர மாணவருடையதன்று. விளங்கியதைத் தம் சொல்லில் சுருக்கும் பழக்கத்தைத் தரம் 6 இலேயே தொடங்கினால், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பாடநூலை மனனம் செய்யும் அவதி பெருமளவு குறையும்.

தொடக்கத்தில் ஒரு பந்தி போதும். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே இவ்வாறு எழுதிக் கொடுக்கலாம்: “கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக்குளம், வடகீழ்ப் பருவமழையால் நிரம்பி, மழை குறைந்த மாதங்களில் சிறுபோக நெற்செய்கைக்கு நீர் வழங்குகின்றது.” வாசிக்குமுன், நீர் எங்கிருந்து வருகின்றது, எப்போது தேவைப்படுகின்றது என்னும் இரு வினாக்களைக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள், விடை தேடி வாசிப்பவரின் கண் வரிகளின் மேல் சும்மா ஓடாது. பாடநூலில் கோடிட விட வேண்டாம். அது அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகக்கூடும்.

அடுத்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத வேண்டும். முழுப் பயிற்சியிலும் இதுவே முக்கியமானது, மாணவர் மிகவும் தயங்குவதும் இங்கேதான். “இரணைமடு பெரிய குளம்” என்று மட்டும் ஒருவர் எழுதினால் அதை வெட்டாமல், “எந்த ஆற்று நீர்?” என்று கேட்டு, மீண்டும் வாசிக்க அனுப்புங்கள். “கனகராயன் ஆறு – இரணைமடு. மாரியில் நிரம்பும். சிறுபோகத்துக்கு நீர்.” இவ்வளவு வந்தால் அது நல்ல குறிப்பு. முழு வசனமோ அழகான கையெழுத்தோ இங்கு தேவையில்லை. எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையும் வேண்டாம்.

பல பந்திகளைக் கையாளப் பழகிய பின், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் போக் 1950களில் வகுத்த முறையைக் காட்டலாம். பக்கத்தின் இடப்புறத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அடிமட்டத்தால் பிரித்து, வலப்புறத்தில் குறிப்பையும், பாடம் முடிந்தபின் இடப்புறத்தில் அக்குறிப்பு விடையாக அமையும் வினாக்களையும், அடியில் இரண்டு வரிச் சுருக்கத்தையும் எழுத வேண்டும். கீழ் வகுப்புகளில் அந்தச் சுருக்கத்தை விட்டுவிட்டாலும் பாதகமில்லை என்பது என் கருத்து. வினாக்களை மட்டும் விடக்கூடாது. மறுநாள் வலப்புறத்தைக் கையால் மறைத்து, அவ்வினாக்களுக்கு வாயால் விடை சொல்லச் செய்யுங்கள்.

வாசிப்பில் பின்தங்கிய மாணவரை இன்னொருவருடன் சேர்த்து அமர்த்தி, ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கேட்டபின், இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடச் செய்வது நல்லது.