கால் குடைச்சலும் சிறுநீரக நோயாளிகள் செய்யும் தவறுகளும்

சிறுநீரகம் பழுதான பலருக்கு ராத்திரி படுத்ததும் கால் சும்மா இருக்காது. உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி, குடைகிற மாதிரி இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பேரனைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. அதோடு நிற்காமல் மெடிக்கலில் வலி மாத்திரை கேட்பதுதான் வம்பு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இந்தக் குடைச்சலுக்கான மருந்தே இல்லை. மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. அரிப்புக்குப் போடும் குளோர்ஃபெனிரமின், குமட்டலுக்கான மெட்டோகுளோப்ரமைடு, தூக்கத்துக்கென்று கொடுக்கும் அமிட்ரிப்டைலின் ஆகியவை குடைச்சலைக் கூட்டக்கூடும். தூக்கம் வரவில்லை என்று மாத்திரை போட்டு, அதனாலேயே விடிய விடிய நடப்பவர்கள் உண்டு. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவதும் தவறு. மூளைக்கு இரும்புச்சத்து போதாமல் போனாலும் இந்தக் குடைச்சல் வரும். உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடும், ரத்தத்தில் பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது. சத்துக்கு என்று தினமும் முருங்கைக்கீரை சூப், இளநீர், வாழைப்பழம் என இறங்கினால் பொட்டாசியம் ஏறிவிடும். அது இதயத்துக்கே ஆபத்து. மெக்னீசியம் மாத்திரையும் கேட்காமல் கூடாது.

குடைச்சலுக்கு டாக்டர் தரும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் சாப்பிடும் பிரிகாபலினை வாங்கிப் போடாதீர்கள். காபாபென்டின் போலவே அதுவும் சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் மந்தமானால் உடம்பில் தேங்கி, தள்ளாடி விழ வைக்கும். அளவைக் குறைத்துத்தான் தருவார்கள். இதே குடைச்சலுக்குத் தரும் பிரமிபெக்சோல் மாத்திரையில் இன்னொரு சிக்கல்: முதலில் நன்றாகக் கேட்கும், மாதங்கள் போகப்போக குடைச்சல் சாயங்காலமே தொடங்கிவிடலாம். அப்போது அளவைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

டயாலிசிஸின்போது காலை அசைக்காமல் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று பாதியில் எழுந்துவிடாதீர்கள். நர்ஸிடம் சொன்னால் படுத்தபடியே காலுக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று காட்டுவார்கள்.

அப்புறம், டாக்டரிடம் ‘கால் வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, நடந்தால் அடங்குகிறதா என்று சொல்லுங்கள். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே போய்விட வேண்டும்.