ஆட்சி மாறியாச்சு, அரசு டிவியை எங்கிருந்து சீரமைப்பது?

ஆட்சி கவிழ்ந்ததும் அரசு டிவிக்குள் நுழைகிறவர்கள் முதலில் கைவைப்பது லோகோவில்தான். துனிசியாவில் 2011 ஜனவரியில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடிய கையோடு அரசு டிவியின் பெயரிலிருந்த ‘7’-உம் போனது. அவர் பதவியைப் பிடித்த நவம்பர் 7-ஐ நினைவூட்டிய எண் அது, தூக்கியதில் தப்பில்லை. ஆனால் பெயர்ப்பலகையை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம், அமைச்சர் அலுவலகத்திலிருந்து செய்தி அறைக்கு வரும் போனை நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்கு எந்த வரிசையில் போவது என்று பார்ப்போம்.

ஒளிபரப்பை நிறுத்தாதீர்கள். இழுத்துப் பூட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்ற யோசனை யாராவது ஒருவருக்கு வரும். கிரீஸில் 2013 ஜூன் 11 அன்று (அது ஆட்சி மாற்றம்கூட இல்லை, சிக்கன நடவடிக்கை) அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஈஆர்டி-யை அன்றிரவே மூடி சுமார் 2,600 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊழியர்கள் கட்டடத்தைவிட்டு நகராமல் இணையம் வழியாக ஒளிபரப்பினார்கள், ஒரு கூட்டணிக் கட்சி அரசிலிருந்தே விலகியது, 2015-இல் அடுத்த அரசு அதே பெயரில் திறந்துவிட்டது.

முதல் நாளே இரண்டு இடங்களுக்குக் காவல் போடுங்கள்: ஒளிபரப்பு வெளியே போகும் மாஸ்டர் கன்ட்ரோல் அறை, பழைய பதிவுகள் இருக்கும் காப்பகம். முன்னதை யாரும் மறப்பதில்லை, பின்னதை எல்லாரும் மறக்கிறார்கள். யார் எந்த மேடையில் என்ன பேசினார் என்பதும், ஒளிபரப்பாமல் அமுக்கிய பதிவுகளும் அங்கேதான் கிடக்கும். பழைய டேப்பில் புதிதாகப் பதிவதையும் சர்வரில் எதையும் அழிப்பதையும் எழுத்துமூலம் தடை செய்யுங்கள், சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம். கிழக்கு ஜெர்மனியின் அரசு டிவியான டிஎஃப்எஃப் 1991 டிசம்பர் 31-உடன் முடிந்தே போனது, ஆனாலும் பதிவுகளைக் காப்பகத்தில் சேர்த்ததால் அந்தக் காலத்துப் பிரச்சாரச் செய்திகளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்க முடிகிறது.

அப்புறம் நியமனம். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் தலைவரை யார் போடுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் கடைசியில் செய்தியாகும். ஸ்பெயின் 2006 சட்டத்தில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிவிஇ-யின் தலைவருக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்தது, நல்ல பூட்டு. பிறகு வேறு கட்சி ஆட்சிக்கு வந்து, முதல் வாக்கெடுப்பில் அது கிடைக்காவிட்டால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தாலே போதும் என்று 2012-இல் அவசர ஆணையால் திருத்திவிட்டது. ஆக, பூட்டை மாற்றுவதற்கும் அதே பெரும்பான்மை தேவை என்று சட்டத்திலேயே எழுத முடிகிறதா பாருங்கள். செக் நாட்டில் 2000 டிசம்பரில் கட்சிச் சாயம் பூசிய குழு அரசு டிவிக்கு நியமித்த இயக்குநரை ஏற்காமல் செய்தியாளர்கள் செய்தி அறையிலேயே படுத்துக் கிடந்தார்கள், சதுக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டது, ஜனவரியில் அவர் விலகினார்; அதன்பின் குழுவுக்குப் பெயர் பரிந்துரைக்கும் உரிமை குடிமக்கள் அமைப்புகளுக்குப் போனது. தென்னாப்பிரிக்கா 1993-இல் தன் அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி-யின் நிர்வாகக் குழுவுக்கு வந்த பெயர்களைப் பகிரங்கமாகவே விசாரித்தது. எனக்குப் பிடித்த முறை அதுதான், எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டால் பாதிப் பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

பணம்: ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கேட்டு வாங்கினால் கழுத்துக்கயிறு ஆட்சியாளர் கையில். போலந்தில் 2023 டிசம்பரில் புதிய அரசு பொது டிவியான டிவிபி-யின் நிர்வாகத்தை மாற்றியதும், அதற்குப் பணம் ஒதுக்கிய நிதி மசோதாவை ஜனாதிபதி நிராகரித்தார், சில நாளில் அரசு அந்த நிறுவனத்தையே கலைப்பு நடவடிக்கையில் வைத்தது. முடிந்தால் பல ஆண்டுக்கான தொகையை மொத்தமாக உறுதி செய்யுங்கள்.

ஆட்களைக் கடைசியில் தொடுங்கள். கேமரா பிடித்தவரும் உத்தரவு போட்டவரும் ஒன்றல்ல, ஒரேயடியாகத் துரத்தினால் மறுநாள் எடிட்டிங் தெரிந்த ஆளே இருக்க மாட்டார். பழைய செய்தி வாசிப்பாளரை அரசியல் செய்தியிலிருந்து தள்ளி வைக்கலாம், வேலையைப் பறிக்க வேண்டும் என்றால் தனித்தனியாக விசாரியுங்கள்.

செய்தி வரிசையைத் தினமும் பாருங்கள். ‘அடிக்கல் நாட்டினார்’, ‘திறந்து வைத்தார்’ என்ற செய்திகள் முதல் பத்து நிமிடத்தில் எத்தனை? புதிய அமைச்சரின் படம் பழையவர் இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதா? செய்தி மேசையில் ஒரு நோட்டு வையுங்கள், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், யார், என்ன கேட்டார் என்று மூன்றே கட்டம், மாதக் கடைசியில் அதை அப்படியே நிர்வாகக் குழு முன் வைத்துவிடுங்கள். உங்கள் ஆட்சி ஆட்களே திட்டுவார்கள். சரி, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.