பாய்லரில் கிட்டம் கட்டுவது ஏன்? நாம் செய்கிற தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் சீசன் தொடங்கிவிட்டால் பாய்லருக்கு ஓய்வே கிடையாது. ஸ்டீம் விழுந்தால் பழம் லாரியிலேயே கனிந்து வீணாகும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் விறகு எரியும் கிரேட் கம்பிகளுக்கு நடுவே சாம்பல் உருகி, பாறை மாதிரி கிட்டமாக இறுகி, காற்று ஏறாமல் நெருப்பு மங்கும். கடப்பாரையோடு அதன் முன்னால் விடிய விடிய நின்றிருக்கிறேன். விறகு சரியில்லை என்று அப்போது நினைத்தேன். விறகை விட நாங்கள் அதைக் கையாண்ட விதத்தில்தான் கோளாறு அதிகம்.

மணலில் இருப்பது சிலிக்கா. தனியாக இருந்தால் 1700 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும். பயிர்க் கழிவின் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. இரண்டும் கூடினால் 750 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். நெருப்புப் படுகையிலோ 1000 டிகிரி சாதாரணம். கண்ணாடி காய்ச்சுகிறவர்கள் மணலோடு சோடா போன்ற காரம் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே முதல் தவறு, எரிபொருளை வெறும் தரையில் கொட்டுவது. லோடர் வாளி கடலைத் தோலை அள்ளும்போது அடியிலுள்ள செம்மண்ணையும் சேர்த்தே அள்ளுகிறது. கடலைத் தோல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்பதால் ஏற்கெனவே மண் ஒட்டியிருக்கும். கொட்டும் இடத்துக்கு சிமென்ட் தளம் போடுங்கள், சலித்துப் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை போகும் என்பது என் அனுபவம்.

அடுத்தது, கையில் கிடைத்ததையெல்லாம் கலப்பது. நெல் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; அதில் பெரும்பகுதி சிலிக்கா. பொட்டாசியம் குறைவு என்பதால் தனியாக எரித்தால் பெரும்பாலும் பொடியாகவே விழும். தேங்காய் மட்டையில் பொட்டாசியமும் குளோரினும் நிறைய. விலை மலிவு என்று இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால் அடுப்பே கண்ணாடி உலையாகிவிடும். குளோரின் பொட்டாசியத்தை ஆவியாக்கி மேலே கொண்டுபோய்க் குழாய்களில் பசை போலப் படிய வைக்கும். புகைபோக்கியின் சூடு ஏறுவதுதான் அதற்கு அடையாளம். ஏறும் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஏறக்குறைய 1 சதவீத எரிபொருள் வீண். மாங்கொட்டை எரிப்பவர்கள் சதையைக் கழுவி உலர்த்திப் போடுவது நல்லது. அந்தச் சதையிலும் பொட்டாசியம் உண்டு.

பிரஷர் இறங்கியதும் பதறிப்போய் விறகை மலைபோல் குவிப்பதும் தவறுதான். கீழ்க்காற்றுதான் கம்பிகளைக் குளிர வைக்கிறது. படுகை தடித்தால் அந்தக் காற்று ஒரு ஓரமாகப் பீறிக்கொண்டு போகும். மற்ற இடமெல்லாம் கொதித்துச் சாம்பல் கூழாகும். கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகப் பரப்பிப் போட வேண்டும். கொக்கியால் அடிச்சாம்பலைக் கிளறி நெருப்புக்கு மேலே கொண்டுவருவதையும் விட்டுவிடுங்கள். கீழே ஆறிக் கிடந்த சாம்பலை நாமே உருக்கியதாகிவிடும்.

வாங்கும்போது கலோரி மதிப்பை மட்டும் கேட்கிறோம். சாம்பல் எத்தனை சதவீதம், எந்த வெப்பத்தில் இளகுகிறது என்று லேபில் கேளுங்கள். சாம்பல் சோதனை நிலக்கரிக்குப் போல 815 டிகிரியில் இல்லாமல் 550 டிகிரியில் நடந்ததா என்றும் பாருங்கள். அதிகச் சூட்டில் பொட்டாசியத்தில் ஒரு பகுதி பறந்துபோய், அறிக்கை தப்பான தைரியத்தைக் கொடுக்கும். மண் படாத மர விறகின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; எளிதில் உருகாது. தொல்லை தரும் எரிபொருளோடு சுண்ணாம்புக்கல் பொடியோ வெள்ளைக் களிமண்ணோ சிறிதளவு சேர்த்தால் உருகும் வெப்பநிலை உயரும்.

கிட்டம் நம் மாவட்டத்துக்கு அந்நியமான சொல் அல்ல. இங்கே மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இரும்பு காய்ச்சியவர்களுக்குக் கிட்டம் இளகி ஓட வேண்டும். நமக்கு அது இளகவே கூடாது.

சூடான கிட்டத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். செங்கல் வெடிக்கும், கம்பி கோணும், சீறி வரும் ஆவி ஃபயர்மேனின் முகத்தைச் சுடும். ஆற விட்டு உடையுங்கள். உடைத்த துண்டை வீசும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவே மணல் துகள் தெரிந்தால், போய்ப் பார்க்க வேண்டிய இடம் விறகு கொட்டும் முற்றம்.