மனச்சிதைவு நோய்க்கு பாலிஜெனிக் ஸ்கோர் போடுவது எப்படி

பாலிஜெனிக் ஸ்கோர் என்பது ஒருவரின் பல மரபணு மாறுபாடுகளைச் சேர்த்து நோய் ஆபத்தை ஒரே எண்ணாகச் சொல்வது. கணக்கு என்று பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒவ்வொரு மரபணு மாறுபாட்டிலும் ஒருவரிடம் ஆபத்து அலீல் (ஆபத்தைக் கூட்டும் மரபணு வடிவம்) எத்தனை என்று பார்த்து (0, 1 அல்லது 2), அதற்குரிய எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கணினிக்கு இது சில நிமிட வேலை. நாள்கணக்கில் இழுப்பது தரவைச் சுத்தம் செய்வதும் எடைக் கோப்பு, உங்கள் மரபணுத் தரவுக் கோப்பு ஆகிய இரண்டையும் பொருத்துவதும்தான். அங்கே தவறு செய்தால் எந்த எச்சரிக்கையும் வராது. பார்க்க நம்பும்படியான ஓர் எண் வந்து நிற்கும்.

எடைகளை, மனநோய்களின் மரபணுவை ஆராயும் கூட்டமைப்பான சைக்கியாட்ரிக் ஜினோமிக்ஸ் கன்சார்ட்டியம் இலவசமாகத் தருகிறது. 2022இல் வெளியான ஆய்வு 76,755 நோயாளிகளையும் 243,649 ஒப்பீட்டாளர்களையும் வைத்து 287 மரபணு இடங்களைக் கண்டது. கோப்பை இறக்கியதும் இரண்டைப் பாருங்கள். முதலாவது, உங்கள் மாதிரிகள் அந்த ஆய்வில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றனவா? சேர்ந்திருந்தால் ஸ்கோர் பொய்யாக ஊதிப்போகும். உங்கள் மாதிரியை விலக்கிய கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, எடை ஆட்ஸ் ரேஷியோவாக (அலீல் நோய் வாய்ப்பை எத்தனை மடங்காக்குகிறது என்ற விகிதமாக) இருக்கிறதா, அதன் லாக் மதிப்பாக இருக்கிறதா? ரேஷியோ என்றால் இயல் மடக்கை எடுங்கள்: 1.05 என்பது 0.049 ஆகும், 0.95 என்பது −0.051 ஆகும். எடுக்காமல் கூட்டினால் பாதுகாப்பு தரும் அலீலும் ஆபத்துக் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து உங்கள் தரவு. வரிசை முக்கியம். 5 சதவீதத்துக்கு மேற்பட்ட நபர்களில் தரவு விடுபட்ட மாறுபாடுகளை முதலில் நீக்குங்கள். பிறகு 2 சதவீதத்துக்கு மேல் தரவு விடுபட்ட நபர்களை. கடைசியாக 2 சதவீதத்துக்கு மேல் விடுபட்ட மாறுபாடுகளை. தலைகீழாகச் செய்தால், சிப்பில் (மரபணு மாறுபாடுகளைப் படிக்கும் தகட்டில்) உள்ள சில மோசமான இடங்களுக்காக நல்ல மாதிரிகளை இழப்பீர்கள். அலீல் ஜோடிகள் எதிர்பார்த்த விகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஹார்டி-வைன்பெர்க் சோதனையின் பி-மதிப்பு வரம்பை ஒப்பீட்டாளர்களில் பத்து லட்சத்தில் ஒன்று என்று வையுங்கள். நோயாளிகளிடம் தளர்த்துங்கள், அங்கே விலகல் நோயோடு உள்ள உண்மையான தொடர்பாலும் வரலாம். பதிவேட்டில் உள்ள பாலினமும் குரோமோசோம் காட்டும் பாலினமும் முரண்பட்டால் பெரும்பாலும் மாதிரிக் குழாய் மாறியிருக்கும். ஹெட்டரோசைகோசிட்டி (இரண்டு அலீல்களும் வேறாக உள்ள இடங்களின் விகிதம்) அளவுக்கு மீறினால் மாதிரியில் கலப்படம். குறைந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்: பெற்றோர் முதல்நிலை ஒன்றுவிட்ட உறவினர்கள் (மாமன் மகள், அத்தை மகன் போல) என்றாலே, அந்தக் குறைவை அளக்கும் எஃப் மதிப்பு 0.06 அளவில் இருக்கும். 0.2 என்ற வரம்பு அவர்களை விட்டுவைக்கும். மூன்று திட்டவிலக்கம் என்ற வரம்பு வெட்டிவிடக்கூடும்.

பொருத்தும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு கோப்பு மனித ஜீனோம் வரைபடத்தின் ஜிஆர்சிஹெச்37 பதிப்பிலும், மற்றது 38 பதிப்பிலும் இருந்தால் இடஎண்கள் ஒத்துவரா. பொருந்திய மாறுபாடுகளின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஏ/டி, சி/ஜி என்ற எழுத்து ஜோடிகளை அலீல்களாகக் கொண்ட மாறுபாடுகள் டிஎன்ஏவின் எந்த இழையில் படிக்கப்பட்டன என்று அலீலை வைத்துச் சொல்ல முடியாது, எதிரிழையிலும் அதே எழுத்துகள்தான் வரும். தூக்கிப்போடுங்கள், பெரிய இழப்பில்லை. இம்ப்யூட் செய்த (சிப்பு படிக்காத இடங்களைக் கணித்து நிரப்பிய) தரவில், கணிப்பின் தரத்தைச் சொல்லும் இன்ஃபோ மதிப்பு 0.8க்கு மேலும் அலீல் விகிதம் 1 சதவீதத்துக்கு மேலும் உள்ளவை போதும்.

இனி கிளம்பிங், அதாவது சேர்ந்தே வரும் பக்கத்து மாறுபாடுகளில் வலுவான ஒன்றை மட்டும் வைப்பது: 250 கிலோபேஸ் (2.5 லட்சம் டிஎன்ஏ எழுத்து) சாளரம், அவற்றின் தொடர்பை அளக்கும் ஆர்-ஸ்கொயர் 0.1. ஆறாம் குரோமோசோமில் 25 முதல் 34 மெகாபேஸ் வரையுள்ள எம்ஹெச்சி பகுதியில் (நோயெதிர்ப்பு மரபணுக்கள் செறிந்த இடத்தில்) ஒரே ஒரு மாறுபாட்டை வையுங்கள்; அங்கே நெடுந்தூரம் எல்லாம் பின்னிக்கிடப்பதால் ஒரே சமிக்ஞை பலமுறை எண்ணப்படும். எந்த மாறுபாடுகளைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் பி-மதிப்பு வரம்புகளில் பத்தை முயன்று சிறந்ததை மட்டும் வெளியிடுவது ஏமாற்று வேலைக்குப் பக்கத்து வீடு. வரம்பை வேறொரு மாதிரியில் தேர்ந்தெடுங்கள், அல்லது வரம்பே கேட்காத பிஆர்எஸ்-சிஎஸ் போன்ற முறைக்குப் போங்கள்.

பரிசோதிக்கும்போது முதல் பத்து பிரின்சிபல் காம்பொனென்ட்களை (மரபணுத் தரவிலிருந்து எடுக்கும், வம்சாவளியைக் காட்டும் அளவுகளை) சேர்க்காவிட்டால் நீங்கள் அளப்பது நோயை அல்ல, வம்சாவளியை. ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே இந்த ஸ்கோர் நோய்ச் சாய்வில் (நோய் வரும் உள்ளார்ந்த வாய்ப்பில்) ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 7 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. மற்றவர்களில் இன்னும் குறையும். உங்களுக்கு 15 வந்தால் மகிழாதீர்கள், எடை தந்த ஆய்வோடு உங்கள் மாதிரிகள் எங்கே கலந்தன என்று தேடுங்கள்.

ஸ்கோர் முடிந்ததும் சிப்பின் ஒளிச்செறிவுக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். 22ஆம் குரோமோசோமின் 22க்யூ11.2 பகுதி பிறவியிலேயே விடுபட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அந்த விடுபடலை இந்த ஸ்கோர் எண்ணுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க அந்தக் கோப்புகள்தான் வேண்டும்.