மூங்கில் உரசியா காடு எரிகிறது?

மூங்கிலும் மூங்கிலும் உரசித்தான் காடு பற்றிக்கொள்கிறது என்று சின்ன வயதில் கேட்டதை இன்னும் நம்புகிறவர்கள் நிறைய. முதல் தவறே அதுதான். நம் பக்கத்துக் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையிலிருந்துதான் போகிறது. மாசி, பங்குனி வெயில் புல்லையும் சருகையும் மொறுமொறுவென்று காயவைத்துத் தரும், அவ்வளவுதான். மின்னலா? கனடாவில் மின்னலால் பெரிய பெரிய காடுகள் எரிவது உண்மை, இங்கே மின்னலோடு மழையும் வந்துவிடுவதால் அது குறைவு.

பீடி, சிகரெட் துண்டை வீசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் (தெரிந்தேதான் வீசுகிறோம், அது வேறு கதை). அதிகம் பேசாத தவறு, மலையடிவாரத் தோட்டத்தில் கூட்டிவைத்த சருகை மதியத்தில் கொளுத்துவது. காலையில் சாதுவாக எரிகிற குப்பை, காற்று கிளம்பியதும் வேலியைத் தாண்டிவிடும், அப்புறம் குடத்துத் தண்ணீரோடு பின்னால் ஓடிப் பயனில்லை. மழை பெய்தால் இளம்புல் முளைக்கும், மாட்டுக்கு ஆகும் என்று காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும் இப்படித்தான்; புல் முளைக்கும், சரி, ஆனால் தீக்கு மேய்ச்சல் நிலத்தின் எல்லை தெரியாது.

மலையேறப் போகிறவர்கள் மூன்று கல் வைத்துச் சமைத்துவிட்டு, மேலே மண்ணை அள்ளிப்போட்டு அணைந்துவிட்டது என்று கிளம்புகிறார்கள். மண்ணுக்கடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் அணைந்ததாக அர்த்தம். கோடையில் காட்டுக்குள் அடுப்பே மூட்டாமல் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதத்தில் வனத்துறை வேண்டாம் என்கிற பாதையில் போவதே தவறு. போய் மாட்டிக்கொண்டால், கீழே தீ தெரிகிறதே என்று மேட்டை நோக்கி ஓடுவது அதைவிடப் பெரிய தவறு. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். புல் மண்டிய ஓடைப்பள்ளமும் ஆபத்து, புகைபோக்கி மாதிரி தீயை இழுத்துக்கொண்டு போகும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்து கருகிக் கிடக்கும் இடத்தையோ தேடுங்கள்.