விண்டோஸில் தெரியும் பென்டிரைவ் லினக்ஸில் தெரியவில்லையா?

சந்தூர் பக்கத்து மாங்காய் மண்டியில் இருந்து ஒருவர் பென்டிரைவில் எடைப்பட்டியல் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அதில் பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் லோடு எத்தனை என்று எண்ண வேண்டும். விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில் இது ஒரே வரி வேலை. ஆனால் பென்டிரைவைச் செருகினால் விண்டோஸில் எஃப் டிரைவ் என்று வந்து நிற்கும், லினக்ஸில் ஆளையே காணோம்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் இந்த வசதிக்கு டபிள்யூஎஸ்எல் என்று பெயர். அது தொடங்கும்போது சி, டி போன்ற நிலையான டிஸ்க்குகளை மட்டும்தான் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கழற்றி மாட்டும் டிரைவை நாம்தான் சேர்க்க வேண்டும். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஃபால் கிரியேட்டர்ஸ் அப்டேட்டில் இருந்து இந்த வசதி இருக்கிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்: சுடோ sudo, எம்கேடிஐஆர் mkdir, எம்என்டி mnt, எஃப் f, மவுண்ட் mount, -டி -t, டிஆர்விஎஃப்எஸ் drvfs, கிரெப் grep, -சி -c, சிஎஸ்வி csv, யுமவுண்ட் umount, சிடி cd. முதலில் லினக்ஸில் ஒரு காலி ஃபோல்டர்:

சுடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/எஃப்

பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் புள்ளிகூட விழாது, பயப்படாமல் அடித்து என்டரைத் தட்டுங்கள். அப்புறம்:

சுடோ மவுண்ட் -டி டிஆர்விஎஃப்எஸ் எஃப்: /எம்என்டி/எஃப்

ஒன்றும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. பிழை காட்டினால் விண்டோஸில் டிரைவ் எழுத்தைச் சரிபாருங்கள். அடுத்த முறை செருகும்போது அது ஜி ஆகியிருக்கலாம். இனி எண்ணலாம் (பெங்களூரா, எடை இரண்டையும் மட்டும் தமிழிலேயே அடியுங்கள்):

கிரெப் -சி பெங்களூரா /எம்என்டி/எஃப்/எடை.சிஎஸ்வி

அந்தப் பெயர் உள்ள வரிகளின் எண்ணிக்கை வந்துவிடும். பூஜ்ஜியம் வந்தால் கோப்பைத் திறந்து பாருங்கள். எக்செல்லில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகை சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

கழற்றும்போதுதான் கவனம் வேண்டும். நேராகப் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம். முதலில் லினக்ஸில் இருந்து விடுவியுங்கள்:

சுடோ யுமவுண்ட் /எம்என்டி/எஃப்

இதில் யு-வுக்கு அடுத்து எம்தான், நடுவில் என் கிடையாது. டிரைவ் பிஸி என்று வந்தால், பெரும்பாலும் நீங்களே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள். வெறும் சிடி என்று அடித்து வெளியே வந்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்குப் பிறகுதான் விண்டோஸில் எஜெக்ட். டபிள்யூஎஸ்எல்லை மூடித் திறந்தால் மவுண்ட் கட்டளையை மறுபடி அடிக்க வேண்டும், ஃபோல்டர் அப்படியே இருக்கும்.

இந்த வழியில் லினக்ஸ் டிரைவை நேரடியாகத் தொடுவதில்லை, விண்டோஸ் வழியாகத்தான் படிக்கிறது. அதனால் என்டிஎஃப்எஸ், ஃபேட், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தவை எல்லாம் சரி. லினக்ஸில் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் இதில் வராது, விண்டோஸுக்கே அது புரியாதே. அதற்கு யுஎஸ்பிஐபிடி-வின் என்ற தனி மென்பொருளைப் போட்டு டிரைவை லினக்ஸிடமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்திருக்கும் வரை அது விண்டோஸில் தெரியாது.