மருத்துவமனையில் பில் போடும் வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் தனியார் மருத்துவமனைகளில் பில்லிங் பிரிவில் சேரும் இளைஞர்கள் பலர், தொகைகளைக் கூட்டித் தருவதே தங்கள் வேலை என்று எண்ணுகிறார்கள். கூட்டலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நோயாளிக்கு அளித்த சிகிச்சையைக் குறித்து வைக்கும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டதும் பில்லில் ஏறியதும் ஒன்றுதானா என்று அன்றாடம் சரிபார்ப்பதுதான் நம் வேலை.

நோயாளி சேர்ந்தவுடன் ஆதார், காப்பீட்டு அட்டை, ஐபி (உள்நோயாளி) பதிவு ஆகிய மூன்றிலும் பெயரையும் வயதையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் ‘முனியம்மா’ என்றும் மற்றொன்றில் ‘முனியம்மாள்’ என்றும் இருப்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் அனுமதிக் கோரிக்கை திரும்பி வர அது போதும்.

அடுத்து, பணம் எந்த வழியில் வரப்போகிறது என்பதை உறுதி செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை வரையறுக்கப்பட்டிருப்பதால், அதற்குள் அடங்கியதை நோயாளியிடம் தனியாகக் கேட்கக் கூடாது. தொப்பூர் கணவாயில் விபத்துக்குள்ளாகி வருபவர் வெளிமாநில லாரி ஓட்டுநராக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் வரும். ஆகவே, அட்டை இல்லை என்பதற்காக அவர் உறவினரிடம் உடனே அட்வான்ஸ் கேட்டுவிடாதீர்கள்.

தனியார் காப்பீட்டில் தகராறுகள் பெரும்பாலும் அறை வாடகையில்தான் முளைக்கின்றன. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் வாடகை வரம்பு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 4,000 ரூபாய் அறையில் தங்கினால், அந்த ஆயிரம் மட்டுமே அவர் கைக்காசு என்று குடும்பத்தார் நினைப்பார்கள். பாலிசியில் விகிதாசாரக் கழிவு விதி இருந்தால் அறுவை மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் தருவதும் அதே விகிதத்தில் முக்கால் பங்காகக் குறையும். 40,000 ரூபாயில் 10,000 ரூபாய் அவர்கள் தலையில் விழும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. இதை அறை ஒதுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு மாலையும் வார்டுக்குப் போய், அன்றைய கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பதிவேற்றுங்கள். மருந்தகத்துக்குத் திரும்பிய மருந்துகளைக் கழிப்பதுதான் அதிகம் தவறிப்போவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பையனின் குடல்வால் அறுவை பில்லில், சிஸ்டர் திருப்பிக் கொடுத்த ஆறு ஆன்டிபயாடிக் ஊசிகளைக் கழிக்க மறந்தேன். படிக்கத் தெரியாத அவனுடைய பாட்டி, போட்ட ஊசிகளை விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். அவர் கணக்குதான் சரியாக இருந்தது.

மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்றதும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆய்வக அறிக்கைகள், தியேட்டர் குறிப்பு, உடலில் பொருத்திய கருவிகளின் ஸ்டிக்கர் ஆகியவற்றைச் சேர்த்து இறுதி பில்லை அனுப்புங்கள். கோரிக்கை சென்ற 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த காலக்கெடு. ஆனால் சம்மரியில் வலது கால், பில்லில் இடது கால் என்று இருந்தால் அந்த நேரம் கேள்வி பதிலிலேயே கரைந்துவிடும். ஒரே சிகிச்சைக்காக ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தவணையாகப் பிரித்து வாங்குவதும் அதே குற்றம்தான்.

பில்லைக் கொடுக்கும்போது ஒவ்வொரு வரியையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர் “எந்த?” என்று கேட்டால், அவர் தெலுங்கில் ‘எவ்வளவு’ என்று கேட்கிறார், எந்த பில் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.